லிஸ்ஸென்செஃபலி உள்ள மகளுக்கு எதில் பணம் போடுவது?

கேள்வி: எனக்கு 34 வயது. திருச்சியில் தனியார் கம்பெனி வேலை, கைக்கு மாதம் 58,000 ரூபாய் வருகிறது. 2 வயது மகளுக்கு லிஸ்ஸென்செஃபலி, எல்.ஐ.எஸ்.1 மரபணுக் கோளாறு என்று உறுதியாகிவிட்டது. சேமிப்பு 6 லட்சம். செல்வமகள் திட்டத்தில் போடு என்கிறார் அண்ணன், பாப்பா பெயரில் 20 வருட பாலிசி எடு என்கிறார் மாமா. எது நல்லது? அடுத்த குழந்தை பற்றியும் வீட்டில் பேச்சு இருக்கிறது.

பதில்: இரண்டும் வேண்டாங்க. இருவரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அதெல்லாம் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் சேர்க்கிற வழி. உங்கள் பாப்பாவுக்குப் பணம் வேண்டியது இந்த மாதமும் அடுத்த மாதமும். கருவில் மூன்று, நான்காம் மாதங்களில் மூளையின் உள்ளே பிறக்கும் நரம்பு செல்கள் மேற்பரப்புக்கு நகர வேண்டும். இந்த நோயில் அவை பாதி வழியில் நின்றுவிடுவதால் மடிப்பு விழாமல் மூளை வழவழப்பாகிறது. அதைச் சரிசெய்ய மருந்து கிடையாது, ஆனால் வலிப்பு மருந்து, பிசியோதெரபி, விழுங்க முடியாமல் போனால் வயிற்றில் குழாய், நிமோனியா வந்தால் திடீரென்று ஐ.சி.யு. என்று செலவு வந்துகொண்டே இருக்கும். செல்வமகள் கணக்கில் போட்டால் மருத்துவத் தேவைக்கு மூடுவதற்குக்கூட 5 வருடம் ஆக வேண்டும்.

அதனால் 6 லட்சத்தில் பெரும்பகுதியை, நீங்களும் மனைவியும் யார் வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி கூட்டு டெபாசிட்டாக வங்கியில் வையுங்கள். இன்ஷூரன்ஸ் பாப்பாவுக்கு அல்ல, உங்களுக்கு! குறைந்தது 1 கோடிக்கு டேர்ம் பாலிசி, அதாவது நீங்கள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு, பயனாளி மனைவி. நீங்கள் இல்லாமல் போனால் அந்த வீடு எதை வைத்து நடக்கும் என்பதுதான் எனக்கு இருக்கும் பெரிய கவலை.

கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸில் பாப்பா பெயர் இருக்கிறதா என்று நாளைக்கே ஹெச்.ஆரிடம் கேளுங்கள், முன்பே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் தருமா என்றும் கேளுங்கள். வேலை மாறும்போதும் சம்பளத்துக்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் பாப்பாவுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழும், யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்குங்கள். அது கையில் இருந்தால் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தரும் நிரமயா மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வருடத்துக்கு 1 லட்சம் வரை, முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, தெரபி செலவும் சேரும். மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவர்களுக்கு 80டிடி வரிச்சலுகை உண்டு என்று யாராவது சொன்னால் குழம்ப வேண்டாம், அது பழைய வரிமுறைக்கு மட்டும். உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது.

அடுத்த குழந்தை விஷயத்துக்கு வருகிறேன், இதுவும் பணம் ஒதுக்க வேண்டிய விஷயம்தான். எல்.ஐ.எஸ்.1 கோளாறு பெரும்பாலும் அந்தக் குழந்தையிடம் புதிதாக வருவது, யார் பக்கத்துத் தப்பும் இல்லை, வீட்டில் யாரும் உங்கள் மனைவியை ஒரு வார்த்தை சொல்ல விடாதீர்கள். சில குடும்பங்களில் மட்டும் பெற்றோரில் ஒருவருக்கு 17-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு வேறு குரோமோசோமுக்கு இடம் மாறி இருக்கும், அப்போது திரும்ப வர வாய்ப்பு உண்டு. ஐந்தாம் மாத ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், அந்த வயதில் எல்லாக் கருவின் மூளையும் ஏறக்குறைய வழவழப்பாகத்தான் இருக்கும். கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசகரைப் பார்த்து இருவரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கான தொகையைக் கூட்டு டெபாசிட் போடும்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.