வண்டி வீட்டில் கேஸ் கணக்கு: வாசகர் கேள்வி–பதில்

வேனையோ மினி பஸ்ஸையோ படுக்கை, அடுப்படி வைத்து மாற்றிக்கொண்டு, கரண்ட் இல்லாத இடங்களில் தங்குகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் கேஸ் பற்றியவை மட்டும் இந்த இதழில்.

கேள்வி: நாங்க நாலு பேருங்க. மாசத்துல பாதி நாள் வேன்லதான் இருக்கிறோம். 5 கிலோ சிலிண்டர் பத்து நாளைக்கு மேல வர்றதில்லைங்க. ஏஜென்சியில எடை குறைச்சுத் தர்றாங்களோன்னு சந்தேகமா இருக்குது.
– வாசகி, காங்கேயம்

பதில்: எடையைச் சந்தேகிக்கும் முன், ஒரு நாள் செலவைக் கிராமில் போட்டுப் பார்ப்போம். திறந்தவெளிக் காற்று, பாத்திரத்தின் சூடு எல்லாம் போக, அடுப்பில் எரிகிற கேஸில் சுமார் 60 சதவீதம்தான் சமையலுக்குச் சேர்கிறது. அந்தக் கணக்கில் 1 லிட்டர் தண்ணீர் கொதிக்க 11 முதல் 12 கிராம் கேஸ் ஆகும். சின்ன பர்னர் முழுத் தீயில் மணிக்கு 125 கிராம், பெரிய பர்னர் 180 கிராம் அளவில் குடிக்கும்.

இரண்டு வேளை காபிக்கு 35 கிராம். காலையில் 25 நிமிடம் தோசைக்கல் காய்ந்தால் 50. மதியம் குக்கரில் அரிசிம்பருப்பு சாதமும் ஒரு பொரியலும் 60. ராத்திரிக்கு 70. ஆகச் சமையல் மொத்தமே 215 கிராம். அதற்கு மட்டும் என்றால் 5 கிலோ 23 நாள் வர வேண்டும்.

மீதி எங்கே போகிறது? குளிக்கிற தண்ணீரில். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45-க்கு ஏற்ற 46 கிராம் வேண்டும். நாலு பேருக்கு 185 கிராம். குடிக்க 8 லிட்டர் காய்ச்சினால் இன்னொரு 92. எல்லாம் சேர்த்தால் 490 கிராமைத் தாண்டுகிறது. 5 கிலோவை இதால் வகுத்தால் பத்தே நாள்தான். பழியை ஏஜென்சி மேல் போட வேண்டாம், வாளி மேல் போடுங்கள்.

நம் பக்கத்து வெயிலுக்கு, குளிக்கிற தண்ணீருக்குக் கேஸ் எரிப்பது வீண். 4 அங்குல பி.வி.சி. பைப்பில் 3 மீட்டர் எடுத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டு, ஒரு முனையில் குழாய் வைத்து, கருப்பு பெயிண்ட் அடித்து மேற்கூரையில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். 25 லிட்டர் பிடிக்கும். மேல்பக்கம் காற்றுப் போக ஒரு சின்னத் துளை அவசியம். அடைத்து வைத்தால் சூட்டில் மூடி பிதுங்கிவிடும். வெயில் நாளில் நாலு மணிக்கு கை பொறுக்கிற சூடு வந்துவிடும். குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும். குடிநீருக்கு கேண்டில் ஃபில்டர் காய்ச்சுவதைவிட மலிவு.

கேள்வி: கொள்ளுப்பருப்பு வேக ரொம்ப நேரம் ஆகுதுங்க. பத்துப் பன்னெண்டு விசில் விடறேன். குறைக்க வழி உண்டுங்களா?
– வாசகி, தாராபுரம்

பதில்: விசில் என்பது வெளியே போகிற நீராவி. தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் செலவைவிட, கொதித்த தண்ணீரை ஆவியாக்கும் செலவு ஏழு மடங்கு. 1 லிட்டர் தண்ணீர் முழுதும் ஆவியாகிப் போனால் சுமார் 80 கிராம் கேஸ் அதோடு போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடி இல்லாத சட்டியில் தளதளவென்று கொதிக்க விடுவதும் இதே நஷ்டம்தான். மூடி போட்டு, தீயைக் குறைத்து லேசாகக் கொதித்தாலும் பருப்பு அதே வேகத்தில் வேகும். பொங்கிக் கொதிக்கும் தண்ணீருக்கும் மெல்லக் கொதிக்கும் தண்ணீருக்கும் சூட்டில் வித்தியாசம் கிடையாது.

கொள்ளை ராத்திரியே ஊற வைத்துவிடுங்கள், 8 மணி நேரமாவது. காலையில் முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து, விசிலை எண்ணாமல் கடிகாரத்தைப் பாருங்கள். வெயிட் லேசாகச் சீறினாலே உள்ளே 120 டிகிரி வந்துவிட்டது என்று அர்த்தம். கடைசி ஐந்து நிமிடத்தை அடுப்பிடம் விடாமல், குக்கரை இறக்கி பழைய கம்பளியில் சுற்றி மரப்பெட்டிக்குள் வைத்து மூடினால் உள்ளிருக்கும் சூட்டிலேயே வேலை முடியும். அரிசிம்பருப்புக்கு இந்த முறை அருமையாக ஒத்துவரும். களி, சந்தகை போன்றவற்றுக்கு உதவாது, அவை தீயோடு நின்று கிண்டுகிற, அவிக்கிற சமாச்சாரம்.

கேள்வி: சிலிண்டர்ல எவ்வளவு மிச்சம் இருக்குதுன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கிறது? ஆட்டிப் பார்த்தா சரியா வருமா?
– வாசகர், பெருந்துறை

பதில்: ஆட்டுவதை விட்டுவிடுங்கள். 25 கிலோ வரை தூக்கும் டிஜிட்டல் கொக்கித் தராசு ஒன்று வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டரின் கைப்பிடி வளையத்தில் வெற்று எடை பொறித்திருக்கும். தொங்கவிட்டு வரும் எடையில் அதைக் கழித்தால் மிச்சம். வெற்று எடை 5.9 கிலோ என்று பொறித்து, தராசு 8.1 காட்டினால் உள்ளே 2.2 கிலோ. வாங்கும்போதே இதைச் செய்தால் எடைச் சண்டையும் அங்கேயே தீர்ந்துவிடும். எடை போட்டுக் கேட்பது உங்கள் உரிமை. அதே வளையத்தில் இங்கிலீஷ் எழுத்தும் வருடமும் இருக்கும். அது அடுத்த சோதனைக் கெடு: ஏ என்றால் ஜனவரி–மார்ச், பி ஏப்ரல்–ஜூன், சி ஜூலை–செப்டம்பர், டி அக்டோபர்–டிசம்பர். கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள்.

தராசு இல்லாத நேரத்துக்கு ஈரத்துணி. சிலிண்டரைச் சுற்றித் துடைத்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். மேல்பகுதி ஈரம் சீக்கிரம் உலரும், திரவம் இருக்கும் மட்டத்துக்குக் கீழே ஈரம் தங்கும்.

கேஸ் தீரும் சமயம் சிலிண்டரைப் படுக்கப்போட்டு, கவிழ்த்து எரிக்கிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்போது ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகிறது. திரவம் ஆவியானால் ஏறத்தாழ 250 மடங்கு விரியும். அடுப்பில் தீ முழ உயரம் எழும்பும். வண்டிக்குள் மெத்தையும் திரைச்சீலையும் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: கரூர்ல வேன் பாடி மாத்தக் கொடுத்திருக்கிறோம். சிலிண்டர எங்கே வைக்கச் சொல்றதுங்க? மெத்தைக்கு அடியில பெட்டி போட்டுத் தர்றேங்கறாங்க.
– வாசகர், வெள்ளகோவில்

பதில்: மெத்தைக்கு அடியில் கூடவே கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே ஏறிப் போகாது, தண்ணீர் மாதிரி தரையில் பரவிப் பள்ளத்தில் தேங்கும். சிலிண்டர் அறை வண்டிக்கு உள்ளே திறக்கவே கூடாது. வெளிப்பக்கக் கதவு மட்டும். உள்பக்க மூட்டுகள் எல்லாம் சீலன்ட் வைத்து அடைத்திருக்க வேண்டும். அடித்தட்டில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவில் ஒரு திறப்பு, அதில் கம்பி வலை. அந்தத் திறப்புக்கு நேர் கீழேயோ பக்கத்திலோ சைலன்சர் போகக் கூடாது, சக்கரம் சேறு அடிக்கிற இடமாகவும் இருக்கக் கூடாது. பேட்டரியும் இன்வெர்ட்டரும் அந்த அறையில் வேண்டாம்; ரிலே அடிக்கிற ஒரு பொறி போதும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், மேலும் கீழுமாக இரண்டு பெல்ட்.

அறையிலிருந்து அடுப்புக்கு ரப்பர் டியூபைச் சுவரைத் துளைத்து இழுத்துவிடுவது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. தகரத்தின் விளிம்பில் டியூப் உரசி உரசி ஆறு மாதத்தில் வெட்டுப்படும். சுவரைக் கடக்கும் பகுதியைச் செம்புக் குழாயாகப் போட்டு, அரை மீட்டருக்கு ஒரு கிளாம்ப் வைத்து, இரண்டு முனைகளிலும் மட்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு சுரக்ஷா டியூப் போடச் சொல்லுங்கள். டியூபின் ஆயுள் 5 வருடம். அடுப்பு, தீ அணைந்தால் தானே கேஸை நிறுத்துகிற வகையாக இருக்கட்டும். கசிவு அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். கூரையில் மாட்டினால் அது அலங்காரப் பொருள்தான். பாடி மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் தேவை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது.

வண்டி நகரும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் மூடியைப் போட்டுவிட வேண்டும். ஊர் சேர்ந்து மாட்டும்போது ‘உஸ்’ சத்தம் நிற்காமல் வந்தால் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாசர் வெடித்திருக்கும், அல்லது காணாமல் போயிருக்கும். ஏஜென்சி ஆளைக் கூப்பிட்டு மாற்றுங்கள். சாலை அதிர்வில் இணைப்புகள் தளரும், ஆகவே வாரம் ஒரு முறை சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி வேண்டாம்.

நாற்றம் வந்தால்: ரெகுலேட்டரை மூடி கழற்று, மூடியைப் போடு, கதவுகளைத் திற, தரையில் கிடப்பதை விளக்குமாற்றால் கூட்டுவது மாதிரி துணியால் வெளியே விசிறு. விளக்கு, ஃபேன், வண்டிச் சாவி எதையும் தொடாதே. பிறகு தள்ளி நின்று 1906-க்குப் போன் செய்.

கேள்வி: நம்முளது போர்வெல் ரிக் வண்டிங்க. பத்துப் பேருக்குச் சமையல். வீட்டு சிலிண்டர் கிலோ கணக்குல மலிவா இருக்குதேன்னு அதையே ஏத்திட்டுப் போறோம். தப்புங்களா?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: தப்புதான். 14.2 கிலோ சிலிண்டர் வீட்டு அடுப்படிக்குக் கொடுத்தது, தொழில் வண்டியில் பிடிபட்டால் சிலிண்டரும் போகும், வழக்கும் வரும். உங்களுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர். வீட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி., வணிகத்துக்கு 18 என்பதால் விலை வித்தியாசம் கண்ணை உறுத்தத்தான் செய்யும். 5 கிலோ சிலிண்டருக்கு முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை போதும். ஆனால் ரசீது விலையை 5-ஆல் வகுத்து, 19 கிலோ விலையை 19-ஆல் வகுத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பத்துப் பேர் சாப்பிடுகிற வண்டிக்குப் பெரியதே கட்டும். நாலு பேர் வேனுக்கு 5 கிலோவில் இரண்டு: ஒன்று தீர்ந்ததும் அடுத்தது, தீர்ந்ததை மாற்ற நிதானமாக ஊரைப் பார்க்கலாம்.

பெரிய சிலிண்டரிலிருந்து சின்னதுக்கு ‘மாற்றித் தருகிற’ கடைப் பக்கமே போகாதீர்கள். சிலிண்டரில் சுமார் 15 சதவீதம் இடம் காலியாக விட்டுத்தான் ஆலையில் நிரப்புவார்கள். சூட்டில் திரவம் விரிய அந்த இடம் வேண்டும். மாற்றுகிறவர் முட்ட நிரப்பினால், கரூர் வெயிலில் மூடிய வண்டிக்குள் அது வெடிகுண்டு.

கேள்வி: டிசம்பர்ல ஊட்டிப் பக்கம் தங்கினோம். சிலிண்டர் பாதி இருந்தும் தீ சிறுத்துப் போச்சு. வால்பாறையில அப்படி ஆகலை. ஏன்?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: உள்ளே இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும், பியூட்டேனுக்கு ஏறக்குறைய 0 டிகிரி வேண்டும். சிலிண்டர் தீரத் தீர புரொப்பேன் முந்திக்கொண்டு போய்விடும், அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். ஊட்டியின் பனி ராத்திரியில் அது ஆவியாக மறுக்கிறது. போதாததற்கு ஆவியாகும்போது திரவமே தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். இரண்டு பர்னரையும் பெரிதாக எரித்தால் சிலிண்டர் வெளிப்பக்கம் பனி பூக்கும். வால்பாறை 3,500 அடிதான், அவ்வளவு குளிர் கிடையாது.

ஒரு பர்னரை மட்டும் எரியுங்கள். சிலிண்டரைக் கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துங்கள். கொதிநீர், ஹீட்டர், தீச்சட்டி எதுவும் அதன் பக்கம் வரக் கூடாது. குளிருக்கு வண்டிக்குள் அடுப்பை எரிய விட்டுத் தூங்குவதும் கூடாது: கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

கேள்வி: கேஸே வேண்டாம், சோலாரில் இன்டக்சன் ஓட்டலாமா?
– வாசகர், பல்லடம்

பதில்: பாதிக்குப் பாதி ஓட்டலாம். 1 கிலோ கேஸ் செய்கிற வேலையை இன்டக்சன் செய்ய சுமார் 9 யூனிட் வேண்டும். முதல் கேள்வியின் 215 கிராம் சமையலுக்கு, இன்வெர்ட்டர் நஷ்டம் சேர்த்து 2 யூனிட்டுக்கு மேல். 12 வோல்ட் 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் இருப்பதே இரண்டரை யூனிட். கூரையில் 400 வாட் பேனல் நல்ல வெயிலில் 1.6 யூனிட் தரும். ஆகவே மதியச் சாப்பாட்டை வெயில் ஏறிய நேரத்தில் இன்டக்சனில், காலை, இரவை கேஸில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். 1500 வாட் அடுப்பு பேட்டரியிலிருந்து 130 ஆம்பியர் இழுக்கும். 50 சதுர மி.மீ. வயரும், பேட்டரிக்கு ஒட்டி 200 ஆம்பியர் ஃபியூசும் இல்லாமல் இறங்க வேண்டாம். தோட்டத்தில் நிறுத்தினால் கிணற்று மோட்டாரின் இலவச லைனில் மாட்டிவிடாதீர்கள். அது பம்புக்கு மட்டும்.

கேள்வி: ஆடி மாசம் உடுமலையில வெளிய அடுப்பு வெச்சா தீ நிக்கவே மாட்டேங்குது.
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குக் காற்றாலையே சுற்றுகிறது, பர்னர் எம்மாத்திரம்? அடுப்பின் மூன்று பக்கமும் ஒன்றரை அடி உயரத் தகரம் வையுங்கள். பாத்திரத்துக்கும் தகரத்துக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். சிலிண்டர் அந்தத் தகரத்துக்கு வெளியே, காற்று வருகிற பக்கம் நிற்க வேண்டும்; தகரத்துக்குள் சேர்த்து அடைத்தால் அடுப்புச் சூடு சிலிண்டரைத்தான் சுடும்.

கேள்வி: கேஸ்ல ஓடற ஃபிரிட்ஜ் வாங்கலாமா? ரயில்ல சிலிண்டர் கொண்டு போகலாமா? (இரண்டு கேள்விக்கு மன்னிக்கவும்.)
– வாசகி, ஈரோடு

பதில்: ஃபிரிட்ஜ்: சிறியதே நாளுக்கு 300 கிராம் அளவில் எரிக்கும், உங்கள் சமையலைவிட அதிகம். ஈரோட்டு வெயிலில் குளிரவும் திணறும். 12 வோல்ட் கம்ப்ரசர் வகை வாங்குங்கள். ரயில்: கூடவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் விதியை மீறி ஏற்றிய சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள்.