மார்ச் மாதம் அடையாறு முகத்துவாரத்தில் பறவைகள் இருக்குமா, எந்த நேரம் போகலாம்?

தாராளமாகப் போகலாம். வலசை வந்த உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரையோரப் பறவைகள் வடக்கே கிளம்பும் முன் வயிறு முட்டத் தின்று கொழுப்பு சேர்க்கும் நேரம் இது. இறகும் மாறும். குளிர்காலம் முழுக்கச் சாம்பலாகத் திரிந்த, வளைந்த அலகுள்ள உள்ளானின் நெஞ்சில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறும். பொன்னிற உப்புக்கொத்தியின் வயிற்றில் கறுப்பு படரும். இரண்டும் சைபீரியத் துருவப் பகுதியில் முட்டையிடுபவை. அந்த அரைகுறைக் கோலம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நேரத்துக்கு, கடிகாரத்தைவிட ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பாருங்கள். நீர் வடியும்போது சேறு வெளிப்படும், புழு கிடைக்கும், பறவை இறங்கும். ஆனால் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். அப்புறம், சேற்றில் இறங்கிக் கூட்டத்தைக் கிளப்பிவிடாதீர்கள். பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு வீணாகக் கரையும்.