கிளித்தட்டைத் தனியே விளையாடியவருக்கு

கேள்வி: கடந்த இதழில் 'லெப்ட் 4 டெட் 2' கேமைப் பெரிதாய்ப் புகழ்ந்திருந்தீர்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறேன், நேரம் போகட்டும் என்று வாங்கினேன். மூன்று நாள் தனியே விளையாடினேன். 2009 இல் வந்த பழசு, கதை என்று ஒன்றுமில்லை. கூட வரும் கொம்பியூட்டர் ஆட்கள் மூவரும் மண்ணுப் பிள்ளையார்கள். சரி, நெற்றில் ஆட்களோடு சேருவோம் என்று போனால், ஐந்து நிமிடத்தில் வாக்கெடுத்து என்னை வெளியே அனுப்புகிறார்கள். விளையாடிப் பார்த்துத்தான் எழுதினீர்களா, காசு வாங்கிக்கொண்டு எழுதினீர்களா?
– ஏமாந்த வாசகர், கொக்குவில்

பதில்: காசுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு சஞ்சிகை வருவதே இந்தக் கேமைச் செய்த வால்வ் கம்பனிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானே விளம்பரக் கட்டண விபரத்தை அனுப்பியிருப்பேன். விளையாடிப் பார்த்துத்தான் எழுதினேன். என் சந்தேகம், நீங்கள் எதை விளையாடினீர்கள் என்பதுதான். நாலு பேருக்கென்று செய்த விளையாட்டைத் தனியே விளையாடிவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்கிறீர்கள். வளவுக்குள் கிளித்தட்டுக்குக் கோடு கீறி, ஒற்றை ஆளாய் இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஓடிப் பார்த்துவிட்டு, கிளித்தட்டு சரியில்லை என்று எழுதுவீர்களா தம்பி?

ஆனாலும் உங்கள் கடிதத்தில் பாதி நியாயம். எந்தப் பாதி என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

கதை இல்லை என்பது உண்மை. ஊரெல்லாம் நோய் பிடித்து ஸொம்பிகளாகத் திரிகிறது, நாலு பேர் சுட்டுக்கொண்டு தப்ப வேண்டும், அவ்வளவுதான். கதை எழுதுகிற வேலையை இந்தக் கேமில் வேறு ஒன்று பார்க்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'டிரெக்டர்'. திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, உங்களில் ஆருக்கு எவ்வளவு நெருக்கடி என்று அது ஒரு கணக்கு வைத்திருக்கும். அடிபட்டால் கணக்கு ஏறும். விழுந்தால் இன்னும் ஏறும். கிட்ட வந்த ஸொம்பியைச் சுட்டாலும் கொஞ்சம் ஏறும். கணக்கு உச்சிக்குப் போனதும் கூட்டத்தை நிறுத்தி, அரை நிமிடம் முக்கால் நிமிடம் மூச்சு விட விடும். நீங்கள் துவக்கைத் தாழ்த்தி, கதைத்துச் சிரிக்கத் தொடங்கும்போது திரும்பத் தொடங்கும். வீதியும் வீடும் பெரும்பாலும் மாறாது, ஆனால் நேற்று மருந்து இருந்த மேசை இன்று வெறும் மேசை. நேற்று ஒன்றுமில்லாத மூலையில் இன்று 'விட்ச்' என்ற ஸொம்பிப் பெண் குந்தியிருந்து அழுகிறாள். இதனால்தான் ஒரே பாதையை இருபதாம் தடவை நடக்கும்போதும் எனக்குக் கை வேர்க்கிறது. மூன்று நாளில் இது பிடிபடாது, அதுவும் தனியே விளையாடினால் பிடிபடவே பிடிபடாது.

ஏனென்றால் இந்தக் கேமின் பயமே மற்ற ஆளில்தான் இருக்கிறது. 'ஹன்டர்' என்ற ஸொம்பி பாய்ந்து உங்களை நிலத்தோடு அமுக்கிவிட்டால் நீங்களாக எழும்ப வழி கிடையாது, எவ்வளவு கெட்டிக்காரன் என்றாலும் கிடையாது. பக்கத்தில் நிற்பவர் வந்து தள்ள வேண்டும் அல்லது சுட வேண்டும். ஆளுக்கு 100 புள்ளி உயிர், 40 க்குக் கீழே போனால் நடை நொண்டும். இரண்டு தரம் விழுந்து எழும்பியவருக்கு மருந்துப் பெட்டி போடாவிட்டால் அவருக்குத் திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். மூன்றாம் தரம் விழுந்தால் சாவு. மருந்துப் பெட்டி ஆளுக்கு ஒன்றுதான் தூக்கலாம். அதை உங்களுக்குப் போடுவீர்களா, கறுப்பு வெள்ளையில் நடக்கிறவருக்குப் போடுவீர்களா? என் மருமகன் ஒருவன் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறான், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் எடுத்துக் கதைக்கும் பாசமான பிள்ளை. அவன் எனக்கு இன்றுவரை ஒரு பெட்டி போட்டதில்லை.

அந்தப் பிள்ளையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் சனிக்கிழமை இரவு 9 மணிக்குக் கூடுகிறோம். கோடை காலத்தில் அவனுக்கு அது காலை 11.30, லண்டனில் இருக்கும் என் பள்ளிக்கூட நண்பருக்குப் பின்னேரம் 4.30. நாலாவது ஆள் என் வீட்டிலேயே இருக்கும் தங்கச்சியின் மகன். வழியில் சில கார்கள் லைட் மின்னியபடி நிற்கும், அவற்றில் சூடு பட்டால் அலாரம் அடித்து ஊர்பட்ட கூட்டம் ஓடி வரும். மூன்று பேர் மூச்சை அடக்கிக் கடந்துபோன காரை நாலாவதாக வந்த ஸ்காபரோக்காரன் சுட்டான். தவறுதலாகப் பட்டதாம். பிறகு நடந்ததை விபரிக்கத் தேவையில்லை. பக்கத்து அறையிலிருந்து அம்மா எழும்பி வந்து, "இந்தச் சூட்டுச் சத்தத்தைக் காசு குடுத்தோ வாங்கினனீ?" என்று கேட்டார். அவருடைய காதுக்கு அந்தச் சத்தம் விளையாட்டில்லை. அன்றிலிருந்து ஹெட்போன் போட்டுத்தான் விளையாடுகிறேன். உங்கள் வீட்டிலும் அந்தத் தலைமுறை ஆட்கள் இருந்தால் நீங்களும் போடுங்கள்.

இனி உங்கள் பக்கத்து நியாயம். மண்ணுப் பிள்ளையார் என்றீர்களே, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அந்த மூவரும் நன்றாகச் சுடுவார்கள், வலிமாத்திரைகூடத் தருவார்கள். ஆனால் பெற்றோல் குண்டோ பைப் குண்டோ எறிய மாட்டார்கள். முதலாவது பயணத்தின் கடைசியில், கடைத்தொகுதிக்குள் சிதறிக் கிடக்கும் 13 பெற்றோல் கான்களைத் தூக்கிவந்து ஒரு ரேஸ் காருக்கு ஊற்ற வேண்டும். தனியே விளையாடினால் எட்டுப் போதும், ஆனால் எட்டையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும். அவர்கள் ஒன்றைக்கூடத் தொடாமல் உங்கள் பின்னால் ஊர்வலம் வருவார்கள். 2022 இல் பெற்றோல் செட் வாசலில் வரிசையில் நின்ற எங்கள் சனத்துக்கு இதைப் பார்க்க வயிறு எரியும். 2009 மார்ச்சில் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 5' என்ற கேமிலும் இதே வியாதிதான். கூட வரும் ஷெவாவைக் கொம்பியூட்டரிடம் விட்டால், சின்னக் கீறலுக்கும் மருந்துச் செடியைச் செலவழித்துவிட்டு நிற்பாள். ஆள் விளையாடினால் அதே ஷெவா தங்கம். தனியாகவும் விளையாடலாம் என்று இந்தக் கேம்களின் பெட்டியில் போடுவது பேய்க்காட்டல் என்றே நான் சொல்லுவேன். அதைப் போன இதழில் நான் எழுதாமல் விட்டது என் பிழை.

முன்பின் தெரியாதவர்கள் உங்களைத் தூக்கி எறிந்ததும் நடக்கிற காரியம்தான். ஆனால் நெற்றில் எந்த விளையாட்டு அறைக்குள் போனீர்கள்? 'எக்ஸ்பேர்ட்' என்ற ஆகக் கடினமான தரத்தில் சாதாரண ஸொம்பியின் ஒரு அடியே 20 புள்ளியைக் கொண்டுபோகும், உங்கள் துவக்குச் சூடும் கூட்டாளியை நன்றாகவே பதம் பார்க்கும். நாலுக்கு நாலு மோதும் 'வேர்சஸ்' இலோ பத்து வருடத்துக்கு மேல் இதையே விளையாடிக்கொண்டிருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மூன்றாம் நாள் பழக்கத்தோடு அங்கே போனால் மாலை போட்டு வரவேற்க மாட்டார்கள். 'ஈசி' இல் தொடங்குங்கள், அங்கே உங்கள் சூடு கூட்டாளியில் படாது. தூரத்தையும் கவனிக்க வேண்டும். ஸ்காபரோக்காரன் அறையைத் திறந்தால் எனக்குக் கால் விநாடி இழுக்கிறது. ஹன்டர் பாயும்போது தள்ளிவிடுவதற்கு அந்தக் கால் விநாடிதான் வேண்டும். அதனால் அறையைத் திறப்பது லண்டன்காரர், இழுவை மூன்று பக்கமும் கொஞ்சம் பங்குபோகும்.

பழசு என்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். 2009 நவம்பரில் இது வந்தபோது நீங்கள் பாலர் பாடசாலையில் இருந்திருப்பீர்கள். முதலாவது வந்து ஒரு வருடத்துக்குள் இரண்டாவதா என்று அப்போது பல்லாயிரம் பேர் கூடிப் புறக்கணிப்பே நடத்தினார்கள், உங்களைவிடக் கோபக்காரர். அந்தச் சத்தம் எப்போதோ ஓய்ந்துவிட்டது. 2020 செப்டெம்பரில் ரசிகர்களே சேர்ந்து செய்த புதிய பயணம் ஒன்று இலவசமாக வந்தது. முதலாவதைச் செய்த டேர்ட்டில் ரொக் ஆட்கள் 2021 இல் 'பேக் 4 பிளட்' என்று புதிதாக ஒன்று விட்டார்கள். படம் பளபளப்பு, சீட்டுக்கட்டு மாதிரி ஒரு ஏற்பாடு வேறு. தொடக்கத்தில் தனியே விளையாடினால் அதில் எந்த முன்னேற்றமும் சேராது, அவ்வளவு 'புதுசு'. எங்கள் கூட்டம் இரண்டு கிழமையில் பழசுக்கே திரும்பிவிட்டது. என் பழைய மடிக்கணினியிலும் இது இழுபறியில்லாமல் ஓடுகிறது.

'ஹார்ட் ரெயின்' பயணத்தை மட்டும் தயவுசெய்து தனியே முடித்துவிடாதீர்கள். படகுக்கு டீசல் எடுக்கக் கரும்புத் தோட்டம் தாண்டிப் போக வேண்டும், பிறகு போன வழியே திரும்ப வேண்டும். திரும்பும்போது புயல். கார்த்திகை மழைக்கு ஒழுங்கை வெள்ளத்தில் ரோச் லைட்டோடு நடந்தவர்களுக்குத் தெரியும், பகலில் கண்ணை மூடிக்கொண்டு போகிற பாதை அப்போது பாதையாகவே இருக்காது. காற்று அடிக்க அடிக்க முன்னால் போகிறவர் மறைந்துவிடுவார். "நில்லுங்கோ, நான் வாறன்" என்று கத்தத்தான் வாய் வரும். கொம்பியூட்டர் ஆளுக்கு அது கேட்காது.

லண்டன் நண்பர் இந்த மாதம் முழுக்க இரவு வேலையாம், எழும்பவே பின்னேரம் ஆறு மணி ஆகிறது. ஆகவே சனிக்கிழமை 9 மணிக்கு எங்களிடம் ஒரு இடம் காலி. மைக் இருந்தால் எழுதிப் போடுங்கள். காரைச் சுடுவதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது.