1,200 கலோரிதான் சாப்பிடுகிறேன், எடை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 34. உயரம் 160 செ.மீ., எடை 70 கிலோ. மூன்று மாதமாகச் சாப்பிடுவதையெல்லாம் செயலியில் பதிவு செய்து, தினமும் 1,200 கலோரிக்குள் நிறுத்திக்கொள்கிறேன். முதல் மாதம் 4 கிலோ குறைந்தது. அப்புறம் முள் நகரவே இல்லை. எப்போதும் சோர்வு, முடியும் கொட்டுகிறது. 1,000 கலோரிக்கு இறங்கட்டுமா? ஒரு நாள் பதிவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தயவுசெய்து இறங்காதீர்கள். உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் எடைக்கும், அசையாமல் படுத்திருந்தாலே உடல் ஏறத்தாழ 1,370 கலோரி செலவிடும். உங்கள் பதிவின்படி இப்போதே அதற்குக் கீழேதான் இருக்கிறீர்கள்.

முதல் மாதம் குறைந்த 4 கிலோ முழுவதும் கொழுப்பு மட்டுமல்ல. உணவைக் குறைத்ததும் உடலில் சேமித்த மாவுச்சத்து கரையும், அதோடு சேர்ந்திருந்த தண்ணீரும் போய்விடும். அந்த வேகம் நீடிக்காது. அது நின்றதை உங்கள் தோல்வியாக நினைக்க வேண்டாம்.

உங்கள் பதிவில் என்னைக் கவலைப்பட வைத்தது புரதம்தான். பிஸ்கட், பழச்சாறு, ரொட்டி என்று 1,200ஐ நிரப்பியிருக்கிறீர்கள்; புரதம் 38 கிராம்தான். எடை குறைக்கும்போது, கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தாலும் உங்களுக்கு 84 கிராம் வேண்டும். அது போதாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். கலோரியைக் கடுமையாகக் குறைத்து, புரதமும் இரும்புச்சத்தும் போதாமல் போனால், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது வழக்கம். உங்களுக்கும் அதுவாக இருக்கலாம்.

அதனால் 1,500க்கு ஏற்றுங்கள். பயப்படாதீர்கள், அப்போதும் எடை குறைய இடமிருக்கிறது. ஒவ்வொரு வேளையும் முட்டை, பருப்பு, தயிர், மீன் என்று புரதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், மற்றது அதைச் சுற்றி வரட்டும். பழச்சாற்றை விட்டுப் பழமாகவே சாப்பிடுங்கள். நார்ச்சத்தும் கிடைக்கும், பசியும் அடங்கும். எண்ணெயை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்; சில வைட்டமின்கள் உடலில் சேரக் கொழுப்பு தேவை.

பதிவில் விட்டுப்போனதையும் தேடிப் பாருங்கள். நிஜமாகவே 1,200தான் என்றால் இரண்டு மாதம் முள் அப்படியே நிற்காது. உங்கள் பட்டியலில் எண்ணெய் எங்கேயும் இல்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி! சமைக்கும்போது ருசி பார்ப்பது, குழந்தை மிச்சம் வைத்தது, டீயில் போட்ட சர்க்கரை எல்லாம் சேரும். தானியத்தைப் பச்சையாக எடை போட்டுவிட்டு, செயலியில் சமைத்ததைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு பாதிக்கும் கீழே போய்விடும்.

தினமும் காலையில் எடை பாருங்கள், ஆனால் வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிடாய் நாட்களில் நீர் கோத்து ஒன்றிரண்டு கிலோ ஏறலாம். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தாலே நல்ல வேகம்தான்.

இதற்கிடையில் மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சோர்வுக்கும் முடி உதிர்வுக்கும் உணவு மட்டுமே காரணம் என்று நானாக முடிவுகட்ட முடியாது. மாதவிடாய் தள்ளிப்போனால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.