ஆளில்லாத கரை – கடிதம்

அன்புள்ள அக்கா,

ஸ்காட்லாந்து பற்றிய உங்கள் கட்டுரைகளைப் படித்துத்தான் எங்களுக்கும் ஆசை வந்தது. நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அக்டோபர் கடைசி வாரம் பள்ளி விடுமுறை. உள்ளேயே படுத்துறங்கும் வசதியுள்ள கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஸ்காட்லாந்தின் வடகோடியைச் சுற்றிவரும் நார்த் கோஸ்ட் 500 என்ற சாலைவழி முழுவதையும் ஐந்து நாளில் சுற்றிவிடலாம் என்று இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. நான் வேன் ஓட்டுவது இதுதான் முதல்முறை. குளிர் தாங்குமா என்பதுதான் பயம். மற்றபடி மனிதக் கை படாத நிலம், ஆளே இல்லாத கரை, பிள்ளைகள் இஷ்டத்துக்கு ஓடலாம். உங்கள் யோசனை என்ன?

கதிர்

அன்புள்ள கதிர்,

கட்டாயம் போய் வாருங்கள். ஆனால் முழுச் சுற்றை விட்டுவிடுங்கள்.

இன்வர்னஸில் தொடங்கி இன்வர்னஸிலேயே முடியும் அந்த வழி 516 மைல். நாளுக்கு நூறு மைல்தானே என்று தோன்றும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதன்பிறகு வடகரையில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். மேற்கில் பல இடங்களில் ஒற்றைத் தடம்தான். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பாஸிங் பிளேஸில் ஒதுங்கி வழிவிட வேண்டும். மேற்குக் கரையில் ஆப்பிள்கிராஸ் என்ற ஊருக்குப் போகும் பியாலக் ந பா கணவாய் கடல்மட்டத்திலிருந்து 626 மீட்டர் ஏறுகிறது. பழகுநர்களும் பெரிய வண்டிகளும் வரவேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். முதல்முறை வேன் ஓட்டும் நீங்கள், பின்னால் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, இருட்டில் அங்கே போகவே கூடாது.

கிழக்கே போங்கள். ஏ9 நல்ல அகலமான சாலை. அதில் வடக்கே ஏறி, தர்ஸோ தாண்டி பெட்டிஹில் வரை. அங்கிருந்து ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு வழியாக ஆல்ட்நஹாரா, லார்க், திரும்ப இன்வர்னஸ். தர்ஸோவுக்கு மேற்கே ஒற்றைத் தடம் வரும். ஆனால் அதற்குள் வண்டி உங்கள் கைக்குப் பழகியிருக்கும்.

குளிர் தாங்கும், கேஸ் சரியாக இருந்தால். நான் போனது மார்ச்சில். முதல் நாள் காலை தேநீர் போடக் கையடுப்பைத் திருகினால் உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சிலிண்டரில் இருந்தது பியூட்டேன். பூஜ்யம் டிகிரிக்கு அருகில் அது ஆவியாகவே மறுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் நாற்பதிலும் ஆவியாகும். வேன் எடுக்கும்போது எந்தக் கேஸ் என்று கேட்டுவிடுங்கள். நான்கு பேர் மூச்சும் இரவெல்லாம் கண்ணாடியில் நீராக வழியும். குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகளை அடைத்துவிடாதீர்கள். விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு அலாரம் இல்லாத வண்டியை வாடகைக்கு எடுக்கவே வேண்டாம். பல கேம்ப்சைட்டுகள் அக்டோபரோடு மூடிவிடும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பாஸிங் பிளேஸில் வண்டியை நிறுத்தி உறங்காதீர்கள். ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சட்டம் நடந்து போகிறவருக்குத் திறந்த நிலத்தில் நுழையும் உரிமை தருகிறது, மோட்டார் வண்டிக்கு இல்லை.

நான் எழுத உட்கார்ந்ததே உங்கள் கடிதத்தின் ஒரு சொற்றொடருக்காக. மனிதக் கை படாத நிலம் என்கிறீர்கள். நானும் முதல்முறை அப்படித்தான் நினைத்தேன். கதிர், அது ஆள் இருந்த நிலம். ஸ்ட்ராத்நேவரில் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் பேசிய குடும்பங்கள் மாடு வளர்த்து, ஓட்ஸும் பார்லியும் விதைத்து வாழ்ந்தார்கள். ஆட்டுப் பண்ணை லாபம் என்று கண்ட பண்ணையார்கள் அவர்களை வெளியேற்றினார்கள். 1814-ல் அந்தப் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அதை முன்னின்று நடத்திய பாட்ரிக் செல்லர்மீது 1816-ல் இன்வர்னஸில் வழக்கு நடந்தது, விடுதலையானார். துரத்தப்பட்டவர்களில் பலர் குடியேறிய ஊர்தான் பெட்டிஹில். சதர்லாண்ட் சீமாட்டி எலிசபெத்தின் பெயரை வைத்த ஊர் (பெட்டி என்பது எலிசபெத்தின் சுருக்கம்), அவருடைய நிலத்திலிருந்துதான் அவர்களைத் துரத்தினார்கள். நீங்கள் ரசிக்கப்போகும் அமைதியில் ஒரு பகுதி இப்படி உண்டாக்கப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டு போனால் பயணம் கெட்டுவிடாது, நிச்சயமாக. எனக்கு அந்த மலைகள் அதன்பிறகுதான் கண்ணுக்கு நெருக்கமாயின.

ஏ9-லேயே, பெரிடேலுக்குச் சற்று முன்னால், பாட்பீ என்று ஓர் இடம் இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நடக்க வேண்டும். உள்பள்ளத்தாக்குகளிலிருந்து விரட்டப்பட்டவர்கள், கடல்பாறையின் விளிம்பில், செங்குத்தான சரிவில் கல்லைப் பெயர்த்து வீடு கட்டியிருக்கிறார்கள். இன்று இடுப்புயரச் சுவர்கள் மட்டும். கல்லெல்லாம் வெள்ளையும் மஞ்சளுமாகப் பாசி பூத்து, ஒரு வாசற்படி மட்டும் தேய்ந்து பள்ளமாக இருந்தது. அதில் கால் வைக்க மனம் வராமல் சுற்றிக்கொண்டு போனேன். கடைசி ஆள் 1911-ல் போய்விட்டார். அதே ஆண்டில், அங்கிருந்து நியூசிலாந்து போன ஒருவரின் மகன் எழுப்பிய நினைவுக்கல் கடலைப் பார்த்து நிற்கிறது. தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது, காற்று தூக்கிப் பாறைக்குக் கீழே எறிந்துவிடாமலிருக்க, ஆடுமாடுகளோடு குழந்தைகளையும் கயிற்றில் கட்டிவைப்பார்கள் என்று அங்கே சொல்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு ஏழு வயது, சொன்னால் புரியும். மகனை மட்டும் கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். நான் போன அன்று பெரியவர்களாலேயே நேராக நிற்க முடியவில்லை.

அன்புடன்,
அக்கா