திருடுபோன மணிமாலையும் பெயரில்லாத பாட்டியும்

நண்பரே, நீங்கள் நடத்தும் பகடைக் கதை விளையாட்டில், மீட்ட அரிக்கமேட்டு மணிமாலையை அதைப் பறிகொடுத்த பாட்டியிடம் ஒப்படைக்காமல் விற்றுவிட உங்கள் ஆட்டக்காரர்கள் துடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களைத் தண்டிக்கப் பூதத்தை ஏவாதீர்கள். பாட்டிக்கு நீங்கள் ஒரு பெயர்கூட வைக்கவில்லையே, யாருக்கு இரக்கம் வரும்?

புதுச்சேரிக்கு அருகிலுள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. மணி செய்யும் தொழிலும் அங்கே செழித்திருந்தது. ஆற்றங்கரையில் அந்த மேட்டைப் பார்த்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பாட்டியை அந்த மணிக்காரர் வம்சத்தின் கடைசி வாரிசு ஆக்குங்கள். ஒவ்வொரு மணியிலும் கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் குரல் உறங்கட்டும். வணிகன் விலை பேசும்போது, ஒரு மணி பாட்டியின் பெயரைச் சொல்லி, "சாப்பிட்டாயா, மகளே?" என்று கேட்கட்டும். அப்போது பகடையை உருட்டச் சொல்லாதீர்கள். அவர்களே முடிவெடுக்கட்டும்.