‘மோர் பெட்டர்’ எங்கே தவறுகிறது?

கேள்வி: கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, புதுச்சேரியில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். எந்த அறை பெரியது, எந்தக் கடற்கரை தூரம் என்று விருந்தினர்கள் கேட்டால் ‘மோர் பிக்’, ‘மோர் பெட்டர்’ என்றுதான் வாயில் வருகிறது. ‘எர்’ எங்கே வரும், ‘மோர்’ எங்கே வரும்?

பதில்: தமிழில் ஒப்பிடும் வேலை முழுவதையும் ‘விட’ பார்த்துக்கொள்கிறது. ‘அந்த அறையைவிட இது பெரியது’ என்னும்போது ‘பெரியது’ என்ற சொல்லில் எந்த மாற்றமும் இல்லை. ஆங்கிலத்தில் ‘தேன்’ சேர்த்தால் மட்டும் போதாது, பண்பைச் சொல்லும் சொல்லும் மாற வேண்டும். அதை மறந்தால் ‘பிக் தேன்’ என்கிறோம். ஞாபகம் வந்து இரண்டு முறை மாற்றினால் ‘மோர் பிக்கர்’ ஆகிவிடுகிறது. மாற்றம் ஒரே ஒரு முறைதான்: ஒன்று ‘எர்’, இல்லையென்றால் ‘மோர்’.

எது என்பதைச் சொல்லில் எத்தனை அசை (‘சிலபிள்’) என்பது தீர்மானிக்கிறது. இதில் தமிழ்க் காது கொஞ்சம் ஏமாற்றும். ‘சீப்’ என்பதைச் ‘சீப்பு’ என்றும் ‘பிக்’ என்பதைப் ‘பிக்கு’ என்றும் உகரம் சேர்த்தே சொல்லிப் பழகியிருக்கிறோம். அதனால் ஓரசைச் சொல் ஈரசைபோலக் கேட்கிறது. மோவாய்க்கு அடியில் புறங்கையை வைத்து, உகரம் சேர்க்காமல் ‘ஸ்ட்ராங்’ என்று சொல்லிப் பாருங்கள். எழுத்துகள் எத்தனை இருந்தாலும் தாடை ஒரு முறைதான் இறங்கும். ‘எக்ஸ்பென்சிவ்’ என்றால் மூன்று முறை.

ஒரு முறை இறங்கினால் ‘எர்’: சீப்பர், கிளீனர், ஸ்ட்ராங்கர். மூன்று முறையோ அதற்கு மேலோ என்றால் ‘மோர்’: மோர் எக்ஸ்பென்சிவ், மோர் கம்ஃபர்டபிள். சிக்கலெல்லாம் ஈரசைச் சொற்களில்தான். ‘ஈசி’, ‘நாய்சி’ என இகர ஓசையில் முடிபவை ஈசியர், நாய்சியர் ஆகும். ‘நேரோ’, ‘சிம்பிள்’ போன்றவையும் பெரும்பாலும் ‘எர்’ பக்கமே. ‘மாடர்ன்’, ‘ஃபேமஸ்’, ‘கிரவுடட்’ ஆகியவற்றுக்கு ‘மோர்’ வேண்டும். ‘தி பீச் ரோடு இஸ் மோர் கிரவுடட் ஆன் சண்டேஸ்’ என்பது உங்களுக்கு வாரந்தோறும் உதவும். சந்தேகம் வந்தால், கற்போருக்கான ஆங்கில அகராதியைப் பாருங்கள். ‘எர்’ வடிவம் வழக்கில் இருந்தால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.

‘குட்’, ‘பேட்’, ‘ஃபார்’ மூன்றும் இந்தக் கணக்கில் வராதவை. பெட்டர், பெஸ்ட்; வொர்ஸ், வொர்ஸ்ட்; ஃபார்தர், ஃபார்தெஸ்ட் என்று மனப்பாடமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரியில் நின்றுகொண்டு உங்கள் ஊர்க் கடற்கரையைச் சொல்வதென்றால் ‘சில்வர் பீச் இஸ் ஃபார்தர் தேன் பாரடைஸ் பீச்’.

‘பெட்டர்’ என்ற சொல்லிலேயே ஒப்பீடு அடங்கிவிட்டதால் ‘மோர் பெட்டர்’ தவறாகிறது. ஆனால் நீங்கள் அங்கே சொல்ல நினைப்பது ‘எவ்வளவோ மேல்’ என்பதைத்தான். அதற்குரிய சொல் ‘மச்’. ‘வெரி குட்’ சரி, ‘வெரி பெட்டர்’ சரியல்ல; ‘மச் பெட்டர்’ என்றே சொல்ல வேண்டும். சிறிய வித்தியாசம் என்றால் ‘எ லிட்டில் சீப்பர்’. ஒயிட் டவுன் என்ற பகுதியை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் வந்து அமர்ந்தது 1674இல். அரிக்கமேட்டிலோ சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய வணிகம் நடந்திருக்கிறது. ஆகவே ‘அரிக்கமேடு இஸ் மச் ஓல்டர் தேன் ஒயிட் டவுன்’ என்று தயங்காமல் சொல்லலாம்.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் ஒன்றைத் தனித்துக் காட்ட ‘எஸ்ட்’ அல்லது ‘மோஸ்ட்’ வருகிறது. நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அதற்கு முன்னால் வரும் ‘தி’. அடுத்த குழப்பம் ‘ஆஃப்’, ‘இன்’ இரண்டுக்கும் இடையில். கூட்டத்தில் ஒன்று என்றால் ‘ஆஃப்’: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்ற நான்கில் மாஹேதான் மிகச் சிறியது, பரப்பு சுமார் 9 சதுர கிலோமீட்டர். ‘மாஹே இஸ் தி ஸ்மாலஸ்ட் ஆஃப் தி ஃபோர் ரீஜன்ஸ்’. இடத்தைச் சொன்னால் ‘இன்’: ‘ஊசுடு இஸ் தி லார்ஜஸ்ட் லேக் இன் புதுச்சேரி’. ‘ஒன் ஆஃப் தி’ என்று தொடங்கினால் பின்னால் வரும் பெயர் பன்மையில் இருக்க வேண்டும்: ‘ஒன் ஆஃப் தி ஓல்டஸ்ட் ஸ்ட்ரீட்ஸ்’. ‘ஸ்ட்ரீட்’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் வேலையில் அன்றாடம் வருவது வாடகைப் பேச்சு. ‘தி ரென்ட் ஆஃப் திஸ் ரூம் இஸ் லெஸ் தேன் தட் ரூம்’ என்றால் வாடகையை அறையோடு ஒப்பிட்டதாகிவிடும். அறையையே எழுவாயாக்குங்கள்: ‘திஸ் ரூம் இஸ் சீப்பர் தேன் தட் ஒன்’. ‘சீப்’ என்ற சொல்லில் மட்டரகம் என்ற வாடையும் உண்டு. எனவே விருந்தினரிடம் ‘லெஸ் எக்ஸ்பென்சிவ்’ என்பதே மரியாதை என்பது என் கருத்து.

உடன் வேலை செய்பவரைப் பற்றிச் சொல்லும்போது ‘சீனியர் தேன் மீ’ வேண்டாம். சீனியர், ஜூனியர், சுபீரியர் ஆகியவை லத்தீன் வழி வந்தவை, அவற்றோடு ‘டு’தான் சேரும். வயதில் மூத்தவர் என்றால் ‘ஓல்டர் தேன் மீ’. ‘எல்டர்’ என்பது ‘மை எல்டர் சிஸ்டர்’ போல உறவுப் பெயருக்கு முன்னால் வரும். அதோடு ‘தேன்’ சேர்ப்பதில்லை.

பயிற்சிக்கு உங்கள் விடுதியின் அறைப் பட்டியலே போதும். இரண்டிரண்டு அறைகளாக எடுத்து அளவு, வாடகை, சத்தம், வெளிச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு எல்லா அறைகளையும் சேர்த்துப் பார்த்து ‘தி பிக்கஸ்ட்’, ‘தி மோஸ்ட் கம்ஃபர்டபிள்’ எது என்றும் சொல்லிப் பாருங்கள்.